ஊற்றோரம் மூன்றாம் பிடி

பூசாரி இரண்டு கோழிகளையும் அறுத்துச் சகுனத்துக்குப் பித்தப்பையைப் பார்த்தார். இரண்டும் கருகருவென்று நிறைந்து, குறை சொல்ல முடியாதபடி இருந்தன.

"இந்தப் பக்கமும் நல்லாருக்கு, அந்தப் பக்கமும் நல்லாருக்கு," என்றார், கத்தியைத் தொடையில் துடைத்துக்கொண்டே. "எறங்குங்கடா. இனி உங்க பாடு, செத்தவங்க பாடு."

வயலோரக் கல்கட்டின் மேல் உட்கார்ந்திருந்த அகினயா இரண்டு கோழிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் எப்படி நல்லதாக இருக்கும்? ஒரு நிலத்துக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினால் ஒருத்தர் பொய் சொல்கிறார் என்றுதானே அர்த்தம்! அந்த ஒருத்தர் யாரென்று அவளுக்குத் தெரியும். இத்தனை கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளேதான் அது.

கீழே சேற்றில் அவள் புருஷன் புகோங் கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் துல்னுவான், தோளைச் சுழற்றிச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தான். போன அறுவடை வரைக்கும் ஒரே குடத்தில் அரிசிக் கள் குடித்த மச்சான்கள் இவர்கள். ஒருத்தன் வாந்தி எடுத்தால் இன்னொருத்தன் தலையைப் பிடிப்பான். வரப்புத் தகராறு என்று வந்துவிட்டால் மச்சானாவது, மண்ணாங்கட்டியாவது!

எங்கள் இஃபுகாவ் மலையில் வரப்பு தொலைந்துபோனால் அளக்கிறவனை யாரும் கூப்பிடுவதில்லை. அவனுக்கு என்ன தெரியும், நேற்று வந்தவனுக்கு? தொலைந்த வரப்பின் மேல் இரண்டு பக்கத்து ஆளும் மல்லுக்கட்ட வேண்டும். பள்ளத்து ஓரம் ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, மலையோரம் ஒரு பிடி. தோற்றவன் முதுகு எந்த மண்ணைத் தொடுகிறதோ அங்கே ஒரு நாணலை நட வேண்டும். மூன்று நாணலையும் சேர்த்தால் அதுதான் புது வரப்பு. நிலத்தை வெட்டித் திருத்திய முன்னோர்கள் செத்தும் அங்கேயேதான் இருக்கிறார்கள், நியாயம் உள்ளவன் காலை அவர்கள் ஊன்ற வைப்பார்கள், பொய்க்காரன் காலை வாருவார்கள். இதில் சந்தேகப்பட்டவன் எவனும் எங்கள் மலையில் நெல் விளைவித்ததில்லை.

அகினயாவும் சந்தேகப்படவில்லை. அதுதான் அவள் பயம்.

அப்பா உமாங்பை சாகிறதற்கு முன்னால் இந்த அடுக்கு வயலை இரண்டாகப் பிரித்தார். தலைப்பிள்ளை துல்னுவானுக்குப் பெரிய பாதி, அகினயாவுக்குச் சின்னப் பாதி. நடுவில் ஒரு வரப்பு. மலையோரத்தில் வற்றாத ஊற்று ஒன்று, வரப்புக்கு அந்தப் பக்கம், அண்ணன் பங்கில், ஒரு ஆள் படுக்கிற தூரம் உள்ளே தள்ளி இருந்தது. அப்பா ஒரு மூங்கிலைப் பிளந்து வரப்பின் குறுக்கே போட்டு, அந்தத் தண்ணீரை மகள் வயலுக்குத் திருப்பிவிட்டார். 'ஊற்று அவனுது, தண்ணி ரெண்டு பேருக்கும்' என்று வாயால் சொன்னதோடு சரி. அப்போது அங்கே நின்றது அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்தான்.

ஐப்பசிப் புயலில் மலை சரிந்து இறங்கியது. வரப்பு, மூங்கில், புதைத்து வைத்த எல்லைக்கல், எல்லாம் மண்ணுக்குள் போயின. ஊற்று மட்டும் தானாகக் கிளறிக்கொண்டு மேலே வந்தது. அகினயா புது மூங்கில் வெட்டிக்கொண்டு போனபோது, அண்ணி இந்தன்னப் ஊற்றைச் சுற்றிச் சேற்றால் அணை கட்டி மடையை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, மடைய அடைக்கிறீங்க?"

"எங்க ஊத்து, அடைக்கிறோம். வேணும்னா வந்து கேளு, தரோம். கேக்காம தானா வாய்க்குள்ள ஊத்துறதுக்கு நான் என்ன உனக்குப் பால் குடுக்குற தாயா?"

இந்தன்னப்பின் வாய் அப்படி. நல்லவள்தான், ஆனால் அந்த வாய்க்கு முன்னால் ஒரு மாட்டைக் கட்டியிருந்தால் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும். அகினயாவுக்கு மட்டும் வாய் சிறியதா என்ன? கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அண்ணன் அணையை உதைத்துத் தள்ளியிருப்பான். ஆனால் அப்பா கொடுத்த தண்ணீரை அண்ணியிடம் கை நீட்டிக் கேட்பதா? ரோஷம் தலைக்கேறியது. நேரே மத்தியஸ்தர் கின்னித்தின் வீட்டுக்குப் போய், "ஊத்து எங்க வரப்புக்குள்ள இருந்துச்சு. எங்கண்ணன் அமுக்கப் பாக்குறான்," என்று சொல்லிவிட்டாள்.

ஆத்திரத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் மத்தியஸ்தர் காதில் விழுந்த வார்த்தை வில்லிலிருந்து போன அம்பு. கின்னித் ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் இடையில் நடையாய் நடந்தார். இந்தச் சொல்லை அங்கே கொண்டுபோனார், அந்தச் சொல்லை இங்கே கொண்டுவந்தார். விவகாரம் அவர் கையில் இருக்கும் வரை இரண்டு பக்கத்தாரும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, சேர்ந்து தின்னக்கூடாது, வெற்றிலை மாற்றிக்கொள்ளக்கூடாது. அகினயா அண்ணனிடம் ஓடிப்போய் 'தெரியாம உளறிட்டேன்' என்று சொல்ல நினைத்தாலும் வழியில்லை. தண்ணீர் இல்லாத அடுக்கு வெயிலில் வெடித்தது. வெடித்த அடுக்கு அடுத்த மழைக்கு நிற்காது, கல்கட்டோடு இடிந்து பள்ளத்தில் போகும். அதன் பிறகு அவள் மகளுக்குச் சீதனம் வள்ளிக்கிழங்குதான். நெல் இல்லாத வீட்டில் பெண் எடுக்க யார் வருவார்கள்?

புருஷனிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கேட்டதே ஒரே ஒரு தடவைதான். "ஊத்து நம்மளுதுதான புள்ள?"

"நம்மளுதுதான்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அவன் தூங்கப் போய்விட்டான். அவள்தான் முழித்துக் கிடந்தாள்.

பூசாரி இப்போது முன்னோர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். முதலில் துல்னுவானுக்காக. தாத்தனுக்குத் தாத்தன், அவனுக்கு மேலே உள்ளவன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, "உமாங்பையே, வந்து உன் மகன் காலை ஊனு!" என்று முடித்தார். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பினார். நிலம் அகினயாவுடையது, புகோங் அவளுக்காக நிற்கிற ஆள்தான். அதனால் அவள் வம்சத்தைத்தான் கூப்பிட வேண்டும். அதே தாத்தன், அதே வரிசை. "உமாங்பையே, வந்து உன் மருமகன் காலை ஊனு!"

கூட்டத்தில் கசமுசா எழுந்தது. பின்வாக் கிழவர் சும்மா இருப்பாரா? "அந்தாளு உசுரோட இருந்தப்பவே ஒரு காலு நொண்டி. ரெண்டு பேரு காலை எப்பிடிய்யா ஊனுவாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அகினயா சிரிக்கவில்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரியும். வரப்பைக் கட்டினதே அவர்தான். இப்போது எந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தாள். என்னைத் தண்டிப்பதென்றால் என்னைத் தண்டிக்கட்டும். சேற்றில் நிற்பது நான் இல்லையே, ஒன்றும் அறியாத அவன்!

கின்னித் கல்கட்டின் கீழே வந்து நின்றார். ஈட்டியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, ஊர் கேட்கக் கேட்டார். "அகினயா, சொன்ன சொல்லு நிக்குதா?"

"நிக்குது."

"துல்னுவான், சொன்ன சொல்லு நிக்குதா?"

"நிக்காம பின்ன!"

"பிடிங்க."

பள்ளத்து ஓரத்தில் முதல் பிடி. இரண்டு பேரும் குனிந்து, தாடையை அடுத்தவன் தோளில் பதித்து, கோவணத்தின் பின்முடிச்சைக் கோத்துப் பிடித்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. மூச்சுச் சத்தமும், சேற்றில் கால் புதைந்து எடுக்கிற சத்தமும் மட்டும். திடீரென்று புகோங் இடுப்பைத் திருப்பினான். துல்னுவான் மூட்டையைப் போல மல்லாந்து விழுந்தான்.

"ஏய்ய்ய்!" புகோங்கின் ஆட்கள் கல்கட்டின் மேல் குதித்தார்கள். "துல்னுவான், உன் வயல்ல மீன் இருக்கா பாத்துச் சொல்லுடா!"

கின்னித் நாணலை நட்டார். பழைய வரப்பு இருந்த அதே இடம், ஏறக்குறைய. அகினயாவுக்கு அது தெரிந்தது. இந்தக் கோடியில் பொய்யே இல்லை, இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். அப்பா ஒழுங்காகத்தான் தீர்ப்புச் சொல்கிறார். அப்படியானால் மலையோரத்திலும் ஒழுங்காகத்தான் சொல்வார்! அவள் முதுகில் மகள் துணிக்குள் நெளிந்து அழுதாள். பின்னால் கையை விட்டுத் தட்டிக் கொடுத்தாள்.

புகோங் அண்ணாந்து அவளைப் பார்த்துச் சேறு படிந்த பல்லைக் காட்டினான். "உங்கப்பா நம்ம பக்கம் புள்ள!"

நடுவில் இரண்டாம் பிடி. இந்தத் தடவை துல்னுவான் வெட்கத்தோடும் வெறியோடும் வந்தான். பிடி கோத்த வேகத்திலேயே புகோங்கை அப்படியே தூக்கினான். தூக்கிச் சுற்றி எறிந்தான். மலைச்சரிவோடு வந்த கற்கள் அங்கே சேற்றுக்குள் மறைந்து கிடந்தன. புகோங்கின் வலது தோள் அதில் ஒன்றின் மேல் போய் இடித்தது. அந்தச் சத்தம் அகினயாவுக்கு மட்டும் கேட்டதோ, எல்லோருக்கும் கேட்டதோ தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்துக் கல்கட்டில் இந்தன்னப் எழுந்து கையைத் தட்டினாள். "பாருங்க, பாருங்க! உமாங்பை மாமா முழிச்சுக்கிட்டாரு!"

கின்னித் அங்கே இரண்டாவது நாணலை நட்டார். புகோங் எழுந்தான். எழுந்த விதம் சரியில்லை. வலது கை பக்கத்தில் தொங்கியது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் கல்கட்டின் கீழே வந்து நின்றான். அகினயா குடுக்கையை நீட்டினாள்.

"கையி என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. லேசா மரத்துப்போச்சு."

"பொய் சொல்லாத. தூக்கு பாப்போம்."

"ஏய், சத்தம் போடாத. அவனுக்குத் தெரிஞ்சா அந்தக் கையவே பிடிச்சு முறுக்குவான்." அவன் உதடு வெளுத்திருந்தது. அவள் அண்ணன் எப்படிப்பட்ட மல்லன் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு தடவை விழா மல்லுக்கட்டில் ஒருத்தன் முதுகெலும்பை முறித்துவிட்டான், முறிபட்டவன் அதன் பிறகு நிமிர்ந்தே நடக்கவில்லை.

"விட்டுடுய்யா," என்றாள். "போதும். ஊத்து போனா போவுது."

"என்ன பேச்சு பேசுற? விட்டா நாம பொய் சொன்னோம்னு ஆயிராதா?" அவன் கண்ணில் நிஜமான ஆச்சரியம். "பாதியில ஓடிப்போனா உங்கப்பா என்னப் பத்தி என்ன நெனப்பாரு? அவரு இங்கதான இருக்காரு?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சுற்றிலும் இரண்டு வம்சமும் உட்கார்ந்திருந்தது. நாளைக்கு ஆற்றங்கரையில், அறுவடையில், சாவு வீட்டில், 'அந்தப் பொய்க்காரி' என்பார்கள். மகள் வளர்ந்தால் 'பொய்க்காரி மக' என்பார்கள். எல்லாவற்றையும் விட, எதிரே நிற்கிற இந்த மனுஷன் அவளைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று மனசு சொன்னது. மனசு சொன்னதைக் கேட்டுக் கெட்டவர்கள் எத்தனை பேர்!

கின்னித் வந்துவிட்டார். அவர் கண் புகோங்கின் கையில் ஒரு கணம் நின்று, பிறகு அவளிடம் வந்தது. "அகினயா. கடைசித் தடவையா கேக்குறேன். சொன்ன சொல்லு நிக்குதா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், சொல்லு என்பதுபோல.

"நிக்குது," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"காதுல விழல."

"நிக்குதுன்னு சொல்றேன்ல!"

மலையோரத்தில் மூன்றாம் பிடி. ஊற்று அங்கே கணுக்கால் ஆழத்துக்குத் தேங்கி நின்றது. சுற்றிலும் இந்தன்னப் கட்டிய சேற்று அணை. இந்தப் பக்கம் அகினயாவின் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புகோங் ஊற்றைத் தாண்டி அந்தப் பக்கம் துல்னுவானைத் தள்ளினால் ஊற்று இவர்களுடையது. துல்னுவான் புகோங்கை இந்தப் பக்கம் தள்ளினால் அவனுடையது. வேறு பேச்சில்லை.

பிடி கோப்பதற்கு முன்னால் துல்னுவான் ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினான். "அப்பா! நீங்க கட்டுன வரப்பு! நானும் கூட நின்னு மண்ணு சுமந்தேன்! பாத்துக்கிட்டு இருங்க!"

புகோங்குக்கு அவ்வளவு மூச்சு இல்லை. "மாமா," என்றான் தாழ்வாக. "உங்க மக சொல்லு."

அகினயா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் அப்பாவின் நொண்டிக்கால் தெரிந்தது. அப்பா, என்னை எடுத்துக்க. அந்த ஆள விட்டுடு. நான் சொன்னது பொய்யி, உனக்குத் தெரியும், அந்த ஆளுக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தாள்.

துல்னுவானுக்குக் கை விஷயம் தெரிந்துவிட்டது. கோத்த உடனேயே தெரிந்திருக்கும், பிடியில் ஒரு பக்கம் வலுவில்லாமல் இருந்தால் மல்லனுக்குத் தெரியாதா? அவன் அந்தப் பக்கமாகவே சாய்ந்து அழுத்தினான். புகோங்கின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வெட்டுக் கிடாய்ச் சத்தம். ஒரு காலடி பின்னால் போனான். இன்னொரு காலடி. முழங்கால் மடங்கியது.

"படுத்துடுடா!" என்று எதிர்ப்பக்கம் கத்தினார்கள். "பொய்க்காரிக்கு வாக்கப்பட்டவனே, படு!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் புகோங் படுக்கவில்லை. அவன் தலையைத் துல்னுவானின் மார்புக்குக் கீழே கொடுத்து, ஒற்றைக் கையால் முடிச்சைப் பற்றிக்கொண்டு, வேர் பிடித்த மாதிரி நின்றான். துல்னுவான் அவனை முறிக்கப் பார்த்தான். முடியவில்லை. மூச்சு வாங்கினான். காலை அகட்டி வைத்துப் புதிதாகப் பலம் எடுக்க ஒரு அடி பின்னால் வைத்தான்.

அவன் குதிகால் அணையின் மேல் பட்டது. நேற்றுதான் வழித்துப் பூசிய ஈர மண். அது அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. புகோங் உந்தினானா, அவனோடு சேர்ந்து விழுந்தானா, பார்த்தவர்கள் இன்றைக்கும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். துல்னுவான் ஊற்றைத் தாண்டி அந்தப் பக்கத்தில் மல்லாந்து விழுந்தான். அவன் மேல் புகோங். உடைந்த மடை வழியாகத் தேங்கின தண்ணீர் குபுகுபுவென்று அகினயாவின் வயலுக்குள் பாய்ந்தது.

மலையே இடிந்ததுபோல் ஒரே ஆரவாரம்.

"பாத்தியா! அப்பன் பாத்தானா இல்லையா!"

"தங்கச்சி தண்ணிய அமுக்கப் பாத்தவனே!"

பின்வாக் கிழவர் எச்சிலைத் துப்பிவிட்டுக் கேட்டார். "துல்னுவான், வரப்பக் கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்ணியே? கண்ணு இருந்த எடத்துல அன்னைக்கு நத்தையா இருந்துச்சு?"

துல்னுவான் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் வழிந்த சேற்றைத் துடைக்கவில்லை. ஊற்றையும் உடைந்த மடையையும் மாறி மாறிப் பார்த்தான். அவ்வளவு பெரிய உடம்பு சின்னப் பையனைப் போலக் குறுகியிருந்தது. கின்னித் அவன் பக்கத்தில் நாணலை நட்டபோது அவன் தடுக்கவில்லை.

"என் கண்ணுதான் பிசகு," என்றான் மெதுவாக. "அந்தப் பக்கம்னுதான் நெனச்சேன். இவ்வளவு நாளும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்பாவே சொன்ன பெறகு நான் யாரு?" எழுந்து தள்ளாடி நடந்து, கல்கட்டின் கீழே வந்து நின்றான். இத்தனை மாசத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். "தங்கச்சி, தகராறு முடிஞ்சுது. இனிப் பேசலாம்ல?"

இடுப்புப் பையிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்தான். எல்லாம் சேற்றில் ஊறியிருந்தது. தன் கையாலேயே மடித்து நீட்டினான். அந்த வெற்றிலையை வாங்கி மென்றுவிட்டால் சண்டை செத்தது. எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஊற்று அகினயாவுடையது, மகளுடையது, மகளின் மகளுடையது. கையை நீட்டினால் போதும்.

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சொந்தக் கண்ணால் பார்த்ததையே பொய் என்று நம்புகிறான், பாவி! என்னைச் சந்தேகப்படக்கூட அவனுக்குத் தோன்றவில்லையே!

"அண்ணே," என்றாள். "உன் கண்ணு பிசகல."

"என்ன?"

"ஊத்து உன் பக்கம்தான் இருந்துச்சு. ஒரு ஆள் நீளம் உள்ள. நான்தான் பொய் சொன்னேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைவிட்டு விலகினார்கள். ஆரவாரம் நின்றுபோய், தண்ணீர் பாயும் சத்தம் மட்டும் கேட்டது. கின்னித்தின் முகம் கறுத்தது. "அடிப்பாவி. உன் பொய்யத் தூக்கிக்கிட்டா நான் இந்த மலையில ஏறி எறங்குனேன்? என் வாய நாறடிச்சுட்டியே!"

"தப்புத்தான். அபராதம் எது சொன்னாலும் கட்டுறேன். அந்த நாணலப் புடுங்கி..."

"தொடாத!" ஈட்டியைக் குறுக்கே நீட்டிவிட்டார். "பன்னி கட்டுவ, அது தனி. என் வாயக் கெடுத்ததுக்கு. ஆனா நட்ட நாணல் நட்டதுதான். செத்தவங்க போட்ட வரப்ப நீ எடுத்து வெக்க நீ யாரு?"

துல்னுவான் கையில் வெற்றிலை அப்படியே இருந்தது. அவன் முகத்தில் கோபம் இப்போதுதான் ஏறியது. தங்கச்சி மேல் இல்லை, யார் மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. "அப்ப நான் சொன்னது நெஜமா? நெஜம்னா, எங்கப்பா என்னை எதுக்குத் தள்ளுனாரு?" பூசாரியிடம் திரும்பினான். "சொல்லுங்க! பொய் சொன்னவ அவ. விழுந்தது நானு. என்னைய்யா நியாயம் இது?"

பூசாரி அறுத்த கோழியைப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்க் கல்கட்டிலிருந்து இந்தன்னப் இறங்கி வந்தாள். எப்போதும் ஊர் கேட்கப் பேசுகிறவள், இப்போது புருஷனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள். ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"அணையிலதான வழுக்குனீங்க?"

"ஆமா. அதுக்கு?"

"அத நான்ல கட்டுனேன்."

துல்னுவான் அவளைப் பார்த்தான். மடையைப் பார்த்தான். தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு வெற்றிலையைத் தங்கச்சியின் மடியில் வைத்தான். கையில் கொடுக்கவில்லை, மடியில் வைத்தான். "நாளைக்கு மெல்லு," என்றான். "இன்னைக்கு எனக்கு ஆகாது." பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

கூட்டம் கலைந்தது. புகோங் மட்டும் ஊற்றோரமாகவே உட்கார்ந்திருந்தான், கையை மடியில் போட்டுக்கொண்டு. அகினயா இறங்கிப் போனாள். அவன் பக்கத்தில் நின்றாள். உட்காரத் தைரியம் வரவில்லை. மகளைச் சுமந்த துணியின் ஓரத்தைக் கிழித்து, அவன் தோளைக் கட்ட நீட்டினாள். தட்டிவிடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தட்டிவிடவில்லை.

"திட்டேன்யா," என்றாள் கட்டிக்கொண்டே. "அடிக்கணும்னா அடி. எதாச்சும் சொல்லு."

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டாம் பிடியிலயே கை போயிருச்சு புள்ள. மூணாவதுல முதுக முறிச்சுருவான்னு தெரியும். ஆனா பயமே வரல. ஏன் தெரியுமா?"

அவள் துணியின் முடிச்சை இறுக்கினாள்.

"நீ சொன்ன சொல்லாச்சேன்னு நின்னேன். உன் சொல்லு மேல நிக்கிறவனை யாரு தள்ள முடியும்னு நெனச்சேன். அதான் விழல." இடது கையால் ஊற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினான். "இனிமே நிப்பேன். நிக்காம எங்க போவேன்? ஆனா கொஞ்சம் பயம் இருக்கும்."

மகள் அவள் முதுகில் தூங்கிப்போயிருந்தாள். புகோங் எழுந்தான், வெடித்த வயலோரமாக அவள் அன்றைக்கு வெட்டிப் போட்டிருந்த மூங்கிலை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு வந்தான். அவள் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அதைப் புது வரப்பின் குறுக்கே, ஊற்றிலிருந்து துல்னுவானின் வயலுக்குத் திருப்பிப் போட்டார்கள்.